வெள்ளத்தில் முங்கிய 120ஒய்: ஓட வைப்பதா, பிரித்தெடுப்பதா, விட்டுவிடுவதா?

2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரில் அடிபட்ட ஊர்களில் சாஆவும் ஒன்று. தண்ணீர் வடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும், லாபிஸில் இருக்கும் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். அவரிடம் இருப்பதுபோலவே என்னிடமும் டட்சன் 120ஒய் என்ற பழைய ஜப்பான் கார் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, காடி முங்கிப் போச்சு. பெசி பூரோக்காரன் வந்து பார்த்துட்டுப் போயிட்டான். அவன்கிட்ட குடுக்க மனசு வரல. நீ வந்து ஒரு பார்வை பாரு."

அவர் கேட்ட விலை 3,500 வெள்ளி. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு 90 காசு சொல்லியிருந்தார். காடியின் எடை சுமார் 800 கிலோ. அப்படிப் பார்த்தால் 720 வெள்ளி. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நான் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் என் காடியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கணக்கு புரியாது. 1976ஆம் ஆண்டு நான்கு கதவு வண்டி, நன்றாகவே ஓடுகிறது. டேஷ்போர்டின் மேல்பகுதி வெயிலில் வெடித்து இரண்டு கோடு விழுந்திருக்கிறது. முன் கிரில்லில் ஒரு மூலை இல்லை. பின்பக்க இடது விளக்கின் மூடியில் விரிசல். மூன்றாவது கியர் போடும்போது கியர்பாக்ஸ் கரகரவென்று கத்தும். இவை நான்கும் கிடைத்தால் போதும் என்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆக, எனக்கு மூன்று வழி. அந்தக் காடியை வாங்கி மறுபடி ஓட வைக்கலாம். வாங்கி, பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விற்கலாம். அல்லது அவரிடம் மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, எனக்கு வேண்டிய நான்கு சாமானையும் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தேடலாம்.

நேரில் போனதும் நான் பார்த்தது பெயின்டை இல்லை, சேற்றுக் கோடு எங்கே என்பதைத்தான். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை அது பொய் சொல்லாமல் காட்டும். காடி வீட்டு வாசல் சரிவில் மூக்கு மேலாக நின்றிருந்தது. பின்பக்கம் சாக்கடையை நோக்கி இறங்கியிருந்தது. அதனால் பின்னால் கோடு பூட் மூடியின் மேல்விளிம்பு வரை போயிருந்தது. உள்ளே பின்சீட் முழுக்க ஊறி, பூஞ்சைக் காளான் பூத்து, நாற்றம் தாங்கவில்லை. முன்னே வர வர கோடு இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. இன்ஜின் பக்கம் பார்த்தால் பிளாக்கின் பாதி உயரம். கார்புரேட்டருக்குத் தண்ணீர் எட்டவில்லை.

மேடு பள்ளம் பார்த்து நிறுத்திய அந்த ஒரு காரியம், என் கணக்கைப் பாதி மாற்றிவிட்டது. கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் கதையே வேறு. தண்ணீர் நிறைந்த சிலிண்டரோடு யாராவது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்றைப்போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது அல்லவா. "ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்டேன். "தொடவே இல்ல, பேட்டரிய முதல்லயே கழட்டிட்டேன்," என்றார். முப்பது வருடம் லோரி ஓட்டியவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன். வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் பயம் உண்டு. காயம் பட்ட கையோடு சீட்டைப் பிடுங்க வேண்டாம்.

ஆயில் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தினேன். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும், ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். ஒரு குவளை அளவு வந்தது, அப்புறம் நல்ல ஆயில். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் தள்ளினேன். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு சுற்றியது. கியர்பாக்ஸில் வந்ததோ ஆயிலும் தண்ணீரும் கலந்து, பால் தேநீர் மாதிரி, அசல் தே தாரிக் நிறம். பின் ஆக்சிலும் அப்படித்தான் இருக்கும் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். டிஃபரன்ஷியலின் மேலே காற்று போக ஒரு சின்ன துவாரம் உண்டு. தண்ணீருக்கடியில் நாள்கணக்கில் கிடந்தால் அது சும்மா இருக்காது.

இப்போது முதல் வழிக்கு வருகிறேன். ஓட வைப்பது. மனசு அந்தப் பக்கம்தான் இழுத்தது, ஒத்துக்கொள்கிறேன். 120ஒய் எளிமையான வண்டி. 1973இல் வந்த மாடல், ஏ12 இன்ஜின், 1171 சிசி, கார்புரேட்டர், பாயின்ட் இக்னிஷன். முங்கிச் சாக கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இதில் கிடையாது. இன்றைய காடி ஒன்று இந்த உயரத் தண்ணீரில் நின்றிருந்தால் ஒயரிங்கும் சென்சாரும் சேர்த்துக் கைகழுவ வேண்டியதுதான். இதில் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டையும் கழற்றிக் காயவைத்துச் சுத்தம் செய்யலாம். பிரேக்குக்கு வீல் சிலிண்டர் மாற்றலாம். பெட்ரோல் டாங்கியைக் கழுவலாம். இன்ஜின் சாமானுக்கும் பெரிய பஞ்சம் இல்லை. நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன நிசான் வேனெட் வேனில் இருந்ததும் இதே ஏ-வரிசையைச் சேர்ந்த ஏ15 தான்.

ஆனால் பூட்டில் விரிப்பைத் தூக்கியதும் அந்த ஆசை அடங்கிவிட்டது. இந்தக் காடிக்குத் தனியாக சேஸிஸ் சட்டம் கிடையாது, பாடிதான் எலும்பு. பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. வெள்ளத்துக்கு முன்பே அரித்திருந்த இடம் அது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான தகரத்துக்குள் சேறு போய் உட்கார்ந்திருந்தது. வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். எனக்குத் தெரிந்த ஃபோர்மன் (காடி மெக்கானிக்) போட்டோவைப் பார்த்துவிட்டு, தகர வேலை, பெயின்ட், ஒயரிங், சீட் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் குறையாது என்றார். காடி விலை தனி. அந்தப் பணத்துக்கு வெள்ளம் பார்க்காத, ஓடிக்கொண்டிருக்கும் 120ஒய் ஒன்றையே தேடலாம். அது பெரியவரின் காடி இல்லை என்பது அவருக்குத்தான் நஷ்டம், எனக்கு இல்லை. அதனால் அவர் குடும்பத்தில் ஒருவர் ஓட வைக்க நினைத்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, ஒவ்வொன்றாகத் தேடுவது. இதற்கு நியாயம் உண்டு. இடம் வேண்டாம், இழுவை லோரி வேண்டாம், நாற்றம் வேண்டாம். கியர்பாக்ஸ் மட்டும் என்றால் காடி வெட்டும் கடைகளில் எப்படியும் ஒன்று கிடைத்துவிடும். என் ஃபோர்மனே 600 வெள்ளிக்குத் தேடித் தருவதாகச் சொன்னார். கிரில்லும் டேஷ்போர்டும்தான் சிக்கல். நல்ல கிரில் ஒன்றுக்கு ஒருவர் என்னிடம் 700 கேட்டார், பேரம் பேசுவதற்குள் வேறு யாரோ தூக்கிவிட்டார்கள். வெடிக்காத டேஷ்போர்டை இரண்டு வருடத்தில் நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. இங்கே இதோ ஒன்று, பெரியவர் எப்போதும் துண்டு போட்டு மூடி வைத்திருந்தது, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு இது உறைத்தது: தண்ணீர் கெடுத்ததெல்லாம் கடையில் கிடைக்கிற சாமான், கடையில் கிடைக்காத சாமானைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. பேரிங், ஆயில் சீல், கிளட்ச் தட்டு, பிரேக் சிலிண்டர் எல்லாம் போச்சு, போகட்டும். கண்ணாடி, கிரில், விளக்கு மூடி, கதவுக் கைப்பிடி, மீட்டருக்கு மேலுள்ள டேஷ், கூரைத்துணி, கூரையோரத்துப் பளபளப்புப் பட்டி எல்லாம் அப்படியே இருந்தன. பின்விளக்கின் பல்பு ஹோல்டர் பச்சை பிடித்திருந்தது, ஆனால் மூடியில் சேற்றைத் தவிர வேறு குறை இல்லை. இதே காடி கூரை வரை முங்கியிருந்தால் நான் திரும்பியே வந்திருப்பேன்.

பிரித்தெடுப்பதிலும் ஒரு முள் உண்டு. கிரான், அதாவது காடியின் பதிவுப் பத்திரம். காடியைப் பிரித்துவிட்டு, கிரானை மட்டும் உயிரோடு வைத்திருக்கக் கூடாது. இந்த விஷயம் வெளியே தெரிந்ததும் ஒருவர் போன் செய்து, "காடி வேணாம் அண்ணே, கிரானும் சேஸிஸ் நம்பர் தகரமும் மட்டும் குடுங்க," என்றார். காடிக்குப் பெரியவர் கேட்டதைவிட அதிகமாகவே சொன்னார். அந்தத் தகரம் எந்தத் திருட்டுக் காடியில் ஒட்டப்படும் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. நாளைக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடித்தால் பெரியவர் பெயர்தான் வரும். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரியவரிடம் போட்ட முதல் நிபந்தனையே இதுதான்: பதிவை முறைப்படி ரத்து செய்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன்.

விலை 2,200க்கு இறங்கியது. பூட் அடித்தகரத்தில் ஸ்க்ரூடிரைவர் போன ஓட்டையைக் காட்டிய பிறகு அவரே குறைத்தார், நான் அதிகம் பேசவில்லை. இழுவை லோரி 250. சிகாமட் ஜேபிஜேக்கு அவரோடு நானும் போனேன். கவுண்டரில் கிரானைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், மோட்டார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

பிரிக்க நான்கு ஞாயிறு ஆனது, நான் நினைத்தது இரண்டு. துரு ஏறிய போல்ட்டுகளில் பாதியை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. பம்பர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். முன்னால் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, கழற்றித் திருப்பினால் பின்புறம் முழுக்கத் துரு. பம்பரைக் கழற்றாமல் விலை போடாதீர்கள். கியர்பாக்ஸைத் திறந்ததில் பேரிங்குகள் கெட்டிருந்தன, கியர் பற்களில் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது. புதுப் பேரிங் போட்டு என் காடியில் ஏற்றியாகிவிட்டது, மூன்றாவது கியர் கத்துவதில்லை. இன்ஜினை ஒரு பையன் 900 வெள்ளிக்கு வாங்கிப் போனான், தண்ணீர் நின்ற விஷயத்தைச் சொல்லித்தான் விற்றேன். கதவுக் கண்ணாடிகள், கைப்பிடிகள், கார்புரேட்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 650. மிச்சத் தகரம் எடை போட்டதில் 300 வெள்ளி சொச்சம். கூட்டிக் கழித்தால் கிரில், டேஷ், விளக்கு மூடி, கியர்பாக்ஸ் நான்கும் சேர்ந்து எனக்கு 600 வெள்ளியில் முடிந்திருக்கிறது. பேரிங் செலவையும் நான்கு ஞாயிற்றையும் இதில் சேர்க்கவில்லை. சேர்க்கச் சொல்லி வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குரலுக்குக் காரணம் உண்டு. விற்காத சாமான் எல்லாம் வீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. இரண்டு கதவு, ஒரு பானெட், யாரும் கேட்காத பின்சீட் சட்டம். "இது வீடா, காடி சுடுகாடா?" என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சின்ன வீடு, பின்னால் கொட்டகை இல்லை என்றால், இரண்டாவது வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மூன்றாவதே மேல், வருடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

பின் ஆக்சிலை டீசல் ஊற்றிய பாதி டிரம்மில் போட்டு வைத்திருக்கிறேன். திறந்து பார்க்க இன்னும் துணிவு வரவில்லை. பெரியவர் தீபாவளிக்கு வந்தபோது டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "அது போயிருக்கும் தம்பி, வெட்டியா டீசலக் கெடுக்காத," என்றார்.