பம்ப் ஷாட்கனா, செமி ஆட்டோமேட்டிக்கா: வீட்டுப் பாதுகாப்புக்கு எது?

வீட்டுப் பாதுகாப்புக்கென ஒரு ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைப் பாய்ச்சும் நீளத் துப்பாக்கி) வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்து, உரிமம் தொடர்பான சட்ட நடைமுறைகளையும் முடித்தவரின் முன் கடைசியில் இரண்டு வகைகளே நிற்கின்றன. ஒன்று, முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளி ஒவ்வொரு தோட்டாவையும் கையாலேயே ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன். மற்றது, ஒரு முறை சுட்டதும் காலி உறையைத் தானே வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக். இரட்டைக் குழல் துப்பாக்கி எளிமையானது என்றாலும் இரண்டு தோட்டாக்களோடு முடிந்துவிடுவதால் அதை இங்கே சேர்க்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தது பம்ப். இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

இரண்டுமே பழகித் தேர்ந்த பொறிகள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த ஆட்டோ-5 செமி ஆட்டோமேட்டிக்குக்கு 1900இலேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. 1950இல் வந்த ரெமிங்டன் 870 பம்ப் ஒரு கோடிக்கும் மேல் தயாராகியிருக்கிறது. விலையில் பம்ப் மலிவு. அடுத்தடுத்துச் சுடும் வேகத்தில் செமி ஆட்டோ முந்துகிறது. வாயு அழுத்தத்தில் இயங்கும் செமி ஆட்டோக்களில் தோளில் விழும் உதையும் குறைவாகத் தெரியும். இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: இந்தத் துப்பாக்கி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த நிலையில் கழிக்கப்போகிறது? வேட்டைக்காரரின் துப்பாக்கி கையில் இருக்கும்போதுதான் தோட்டா ஏறியிருக்கும். வீட்டுப் பாதுகாப்புத் துப்பாக்கியோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பூட்டிய பெட்டிக்குள் காத்திருக்கும். அந்த நிலையில் சேம்பரில், அதாவது சுடுவதற்குத் தயாராகத் தோட்டா அமரும் குழலின் பின்முனை அறையில், தோட்டா இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான ஷாட்கன்களில் உள்ள சேஃப்டி (தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் பொத்தான்), விரலால் இழுக்கும் விசையை மட்டுமே தடுக்கிறது. தோட்டாவை வெடிக்கவைக்க உள்ளே அடிக்கும் சுத்தியலையோ, அது தட்டும் சுடும் ஊசியையோ அது பிடித்து நிறுத்துவதில்லை. ஆகவே சேம்பரில் தோட்டா உள்ள துப்பாக்கி கைநழுவிக் கீழே மோதினால், சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்க வாய்ப்பு இருக்கிறது. கைத்துப்பாக்கிகள் பலவற்றில் இருக்கும் உள்தடுப்பை ஷாட்கனிலும் எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சேம்பர் காலியாகவும், அடுத்த தோட்டாக்களை வைத்திருக்கும் மேகசின் குழாய் நிரம்பியும் இருக்க வேண்டும் என்று வந்துவிட்டால் பம்ப்பின் மேன்மை தெளிவாகிறது. குழாயும் சேம்பரும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதிசெய்து, குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து விசையை ஒரு முறை இழுத்தால் சுத்தியல் இறங்கிவிடும். அதன் பிறகு குழாயில் தோட்டாக்களை நிரப்பிப் பெட்டிக்குள் வைக்கலாம். சுத்தியல் இறங்கியிருப்பதால் முன்கைப்பிடி பூட்டிக்கொள்ளாது. தேவை வரும்போது எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை. ஒரே இழுப்பும் தள்ளலும் தோட்டாவைச் சேம்பருக்குள் கொண்டுவந்துவிடும். சுத்தியல் ஏறிய நிலையில் வைத்திருந்தால் மட்டும் கைப்பிடியை விடுவிக்கும் சிறு நெம்பை முதலில் அழுத்த வேண்டும்.

செமி ஆட்டோவில் இந்தப் படிகள் மாதிரிக்கு மாதிரி மாறுகின்றன. உதாரணமாக, சுத்தியல் ஏறிய நிலையில் இருக்கும் பெனெல்லி எம்2வில் போல்ட்டை (சேம்பரை மூடும் நகரும் பாகம்) இழுத்துவிட்டால் மட்டும் குழாயிலிருந்து தோட்டா வராது. தோட்டாவை விடுவிக்கும் நெம்பையும் அழுத்தியாக வேண்டும். அதைப் பழகியவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வீட்டில் அந்தத் துப்பாக்கியை எடுக்க அனுமதியும் பயிற்சியும் பெற்ற இன்னொருவர் இருந்தால், தூக்கக் கலக்கத்தில் அவர் போல்ட்டை மட்டும் இழுத்து, காலிச் சேம்பரோடு நிற்பதற்கு இடமிருக்கிறது. சேம்பரில் தோட்டாவோடு வைப்பதே செமி ஆட்டோவின் இயல்பான நிலை என்று வாதிடுவோர் உண்டு. சேஃப்டியைப் பற்றி மேலே சொன்ன காரணத்தால் என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பம்ப்பின் பலவீனத்தையும் மறைக்க முடியாது. பதற்றத்தில் கைப்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியிலேயே தள்ளிவிட்டால் காலி உறை வெளியேறாமலோ அடுத்த தோட்டா ஏறாமலோ போகும். இதற்கு மருந்து பயிற்சி மட்டுமே. அதைத் தொடர்ந்து செய்ய முடியாதவருக்குச் செமி ஆட்டோதான் பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன். ஒரு கையில் காயமோ வலுக்குறைவோ உள்ளவருக்கும் பம்ப் ஒத்துவராது. மறுபுறம், செமி ஆட்டோ எல்லாத் தோட்டாவோடும் ஒத்துப்போகாது: உதை குறைந்த தோட்டாக்கள் சில துப்பாக்கிகளை முழுச் சுற்று இயக்கப் போதுமான ஆற்றலைத் தருவதில்லை. பம்ப்புக்கு அந்தக் கவலை இல்லை, ஏனெனில் அதை இயக்குவது கை. வாயுவில் இயங்கும் துப்பாக்கிகளின் பிஸ்டனையும் வாயுத் துளைகளையும் நீண்ட காலம் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லாததால் அந்தப் பக்கத்தைப் பற்றி அழுத்தமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

தேர்வு முடிந்த பிறகு அமைப்பதில் எனக்கு முக்கியமானது தோளில் பதியும் பின்கட்டையின், அதாவது விசை முதல் கட்டை முனைவரையிலான, நீளம். கடையில் வரும் கட்டை பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். சராசரிக்குக் குறைந்த உயரம் உள்ளவருக்கு அது நீளம். 13 அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ மாற்றினால் கைப்பிடியைப் பம்ப் செய்வதும் எளிதாகிறது, உதையைத் தாங்குவதும் எளிதாகிறது. 12 போரின் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறியது) உதை மிகுதி என்று தோன்றினால் 20 போர் முற்றிலும் நியாயமான தேர்வு. குழலைப் பொறுத்தவரை 18 அங்குலம் வீட்டுக்குள் போதும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதைவிடக் குறுகியவற்றைத் தனிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது, மற்ற நாடுகளின் அளவுகள் வேறு.

அடுத்தது விளக்கு. யார் நிற்கிறார் என்று தெரியாமல் சுடுவதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இல்லை. வருவது குடும்பத்தில் ஒருவராகவும் இருக்கலாம். முன்கைப்பிடியில் பொருத்திய விளக்கு உதவும், ஆனால் வீட்டைத் தேடிப் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துவது குழல்முனையை எல்லோர் மீதும் நீட்டுவதாகும். அதற்குத் தனிக் கைவிளக்கோ அறை விளக்கின் சுவிட்சோ போதும். துப்பாக்கியின் பக்கவாட்டில் தோட்டாக்களைச் செருகும் பட்டை பயனுள்ளது. அதற்கு மேல் மாட்டும் ஒவ்வொன்றும் எடையைத்தான் கூட்டுகிறது.

தோட்டாவைத் தேர்ந்ததும், வீட்டுக்குள் சாத்தியமான மிக நீண்ட தூரத்தை அளந்து, அதே தூரத்தில் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். ஷாட்கன் அறை முழுவதையும் நிறைத்துவிடும் என்பது கட்டுக்கதை; வீட்டுத் தூரத்தில் பக்‌ஷாட் எனும் பெருங்குண்டுகள் கையகலத்துக்குள்ளேயே விழுவது வழக்கம், ஆகவே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். அதே குண்டுகள் ஜிப்சம் பலகைச் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துச் செல்லும். பறவை வேட்டைக்கான சிறுகுண்டுகள் அந்த அளவுக்குச் சுவரைத் துளைக்காது. உடலிலும் ஆழமாகப் போகாது என்பதால் அவற்றை நான் வைக்கவில்லை. எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்பதைப் பார்த்து, எந்த மூலையிலிருந்து எந்தப் பக்கம் சுடக் கூடாது என்று முன்பே முடிவு செய்து, வீட்டில் உள்ளவர்களிடமும் அதைச் சொல்லி வைப்பது நல்லது.