மொரிஸ் மைனர் 1000: பெற்றோல் வராவிட்டால் முதலில் பம்பைக் கேளுங்கள்

பழைய பிரித்தானியக் காரான மொரிஸ் மைனர் இழுக்காமல் திணறினால் கராஜில் முதலில் கை போவது காபிரேட்டருக்குத்தான். பெரும்பாலும் அது வீண் வேலை. எஸ்.யூ. (SU) என்ற நிறுவனத்தின் பெற்றோல் மின்பம்ப் பொனற்றுக்குள், பின்சுவரில் கண்ணெதிரே இருக்கிறது. டிக்கிக்கு அடியிலுள்ள தாங்கியிலிருந்து காரின் நீளம் முழுக்கப் பெற்றோலை உறிஞ்சி இழுப்பது அதுதான். அதன் 'டிக் டிக்' சத்தம் பழகியவருக்குப் பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு முன், கோளாறு பெற்றோலில்தானா என்று பாருங்கள். ஓடும்போதே சட்டென்று அணைந்தால் தீப்பொறி தரும் மின்பகுதியான கொயில், கொண்டென்சர் பக்கம் சந்தேகப்படலாம். இருமித் துள்ளி, மெல்லச் சோர்ந்து நின்றால் பெற்றோல். திணறும்போது சோக்கை (கலவையில் பெற்றோலைக் கூட்டும் இழுப்பு) சற்று இழுத்ததும் தெளிந்தால் பெற்றோல் போதவில்லை.

இனித் திறப்பைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுங்கள். நல்ல பம்ப் சில விநாடி வேகமாக அடித்து, மெதுவாகி, காபிரேட்டரில் பெற்றோல் தங்கும் மிதவை அறை நிரம்பியதும் நிற்கும். நிற்காமல் படபடவென்று அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. இணைப்பிலுள்ள சிறு ரப்பர் ஹோஸ்தான் வழக்கமான குற்றவாளி. வெளியே ஒரு துளி கசியாமலே உள்ளே காற்றை இழுக்கும் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வெடிப்புத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவது மலிவு. இஞ்சின் ஓடாமலே விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தால் மிதவை அறை நிரம்பியதும் பெற்றோலை நிறுத்தும் காபிரேட்டரின் ஊசி வால்வு மூடவில்லை, அல்லது பம்பின் வால்வு பெற்றோலைத் திரும்ப விடுகிறது. காபிரேட்டரிலிருந்து பெற்றோல் வழிந்தால் முன்னதுதான்.

சத்தமே இல்லாவிட்டால் பம்பைத் திருப்புளியின் பிடியால் இலேசாகத் தட்டுங்கள். உயிர் வந்தால் பம்புக்குள் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தொடுமுனையான பொயின்ற் கருகியிருக்கிறது. கறுப்பு மூடியைக் கழற்றி மெல்லிய எமரித் தாளால் துடைத்தால் சிறிது காலம் ஓடும். புதுச் செட்தான் நிரந்தரம். தட்டியும் அசையாவிட்டால் வெள்ளை வயரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் இணைப்பு துருவில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் சரி என்றால் காபிரேட்டர் பக்க ஹோஸைத் தளர்த்துங்கள். உடனே அடிக்கத் தொடங்கினால் ஊசி வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது. அப்போதும் மௌனமென்றால் தாங்கிப் பக்கக் குழாயைக் கழற்றுங்கள். இப்போது வேகமாக அடித்தால் அடைப்பு பின்னால் இருக்கிறது. பொயின்ற் மூடிய நிலையில் பம்ப் அசையாமல் நின்றால் உள்ளிருக்கும் கொயில் சூடேறும். ஆகவே திறப்பை நீண்ட நேரம் போட்டு வைக்காதீர்கள்.

அளவு தெரிய, காபிரேட்டர் ஹோஸைக் கழற்றிப் போத்தலுக்குள் விடுங்கள், இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். ஒரு நிமிடத்தில் அரை லீற்றராவது வர வேண்டும். குமிழியோடு வந்தால் காற்று. முதலில் நன்றாக வந்து பிறகு குறைந்தால் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள்: 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் தாங்கியின் துரு. பம்பின் அடியிலுள்ள பித்தளை மூடியைக் கழற்றினால் சல்லடை வரும். அதில் செந்தூள் படிந்திருந்தால் சல்லடையைக் கழுவிப் பயனில்லை, தாங்கியை இறக்கியே தீர வேண்டும்.

காபிரேட்டரின் முறை இப்போதுதான். 1098 சிசி காரின் எச்எஸ்2 (HS2) வகைக் காபிரேட்டரில் மேலேயுள்ள மூடியைத் திறந்து, எஸ்.ஏ.ஈ. 20 தர எண்ணெய் உட்குழாயின் விளிம்புக்கு 13 மில்லிமீற்றர் மேல் நிற்கிறதா என்று பாருங்கள். காபிரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்று விழ வேண்டும். ஐட்லில் ஓடும்போது காபிரேட்டரின் பக்கத்திலுள்ள தூக்கு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை கனம், அதாவது பெற்றோல் அதிகம். உடனே தாழ்ந்தால் மெலிவு, பெற்றோல் குறைவு. இலேசாக ஏறித் திரும்பினால் சரி.

பொயின்ற் தொல்லை வேண்டாமென்று எலக்ட்ரொனிக் பம்ப் வாங்குவது நல்ல முடிவுதான். ஆனால் மைனர் தொழிற்சாலையிலிருந்து பொசிற்றிவ் எர்த்தாக, அதாவது பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்ததாக, வந்த கார். உங்கள் காரில் பற்றரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பம்பை வாங்குங்கள். மாற்றி இணைத்தால் சேர்க்கிற் அன்றே கருகும்.