சைலன்சர் வாங்கப் போறீங்களா? முதலில் குழலின் மரையைப் பாருங்கள்

நோர்வேயில் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, பொலிஸ் அனுமதியோடு துவக்கும் எடுத்து, இனி வெடிச் சத்தத்தைக் குறைக்க முனையில் ஒரு சைலன்சர் போட்டால் நல்லது என்று யோசிக்கிற எங்கட ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். காசு போனதோடு முடிந்திருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். பக்கத்தில் நின்றவரின் உடம்பில் உலோகத் துண்டு ஏறியிருக்கக்கூடிய விஷயம் இது. கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியும்வரை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என்னிடம் இருப்பது கைமாறி வந்த .308 ரக வேட்டைத் துவக்கு. மெல்லிய குழல், முனையில் மரை (திருகிப் பூட்டுவதற்கான புரி) வெட்டியிருக்கவில்லை. சைலன்சர் வேண்டுமென்றால் முதலில் கடைசலில் போட்டு மரை வெட்ட வேண்டும். இங்கே சைலன்சருக்கென்று தனி அனுமதி எடுக்கத் தேவையில்லை, கடைக்குள் போய்க் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் இருக்கிற மச்சானிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டான். அங்கே 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி விரல் ரேகை, விண்ணப்பம், 200 டொலர் வரி என்று இருந்தது, வரி மட்டும் 2026 தொடக்கத்திலிருந்துதான் பூச்சியமானது. எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறபடியால், விற்கிறவரும் வாங்குகிறவரும் இதை ஒரு தொப்பி வாங்குகிற மாதிரி நினைத்துவிடுகிறார்கள்.

கடையில் நான் கேட்டது ஒன்றுதான்: 14 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் புரியிடைவெளி, அதாவது எம்14×1 மரைக்கு நேரடியாகப் பூட்டுகிற, பாரம் குறைந்த ஒரு மொடல். எல்க் என்ற பெரிய மான் வேட்டை செப்டெம்பர் 25இல் தொடங்கும். அதற்கு முந்தின கிழமைகளில் இந்தக் கடைகள் நல்லூர்த் திருவிழா மாதிரி இருக்கும். நான் கேட்ட மொடல் கையிருப்பில் இல்லை. "அதைவிட நல்லது இருக்கு" என்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தந்தார். முப்பத்திரண்டு டெசிபெல் குறைக்கும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. மரையும் அவர்களே வெட்டித் தருவார்களாம், சீசன் தள்ளுபடியும் உண்டாம். எல்லாம் சேர்த்து ஏழாயிரம் குரோனருக்குக் கொஞ்சம் மேலே.

அவர் சொல்லாமல் விட்டது, அந்தச் சைலன்சரின் மரை எம்18×1 என்பதை. எனது குழலில் 18 மில்லிமீற்றருக்கு இடமே இல்லை. ஆகவே எம்14 வெட்டி, இடையில் ஒரு அடாப்டர் வளையத்தைப் போட்டு, அதன் மேல் சைலன்சரைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பற்றுச்சீட்டில் "சைலன்சர்" என்று ஒரு வரி, "வேலை" என்று ஒரு வரி. அடாப்டர் என்ற பேச்சே இல்லை. மரை வெட்டியதும் அந்தக் கடையில் இல்லை, வெளியே ஒரு பட்டறைக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

துவக்கை எடுக்கப் போன அன்று, குழலுக்குள் கம்பி விட்டு நேர் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கத் தேவையில்லை, மெசினில் வெட்டினது, பிழைக்காது என்றார். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

பெரிய விலங்கு சுட விரும்புகிறவர் வருடாவருடம் சூட்டுப் பரீட்சை செய்ய வேண்டும். 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீற்றரில் ஒரு கலைமான் உருவத்துக்கு 5 வெடி. ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். அதற்காகச் சுடுதளத்தில் பயிற்சி வெடி வைக்கும்போதே சன்னங்கள் விழுந்த இடங்கள் பரந்துகொண்டு போயின. சைலன்சர் பூட்டினால் சன்னம் விழும் இடம் கொஞ்சம் மாறுவது வழமை, தொலைநோக்கியைத் திருப்பிச் சரிசெய்தால் போதும். ஆனால் அப்படி மாறினால் எல்லா வெடியும் சேர்ந்து ஒரு பக்கம் மாறும். இது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். அடுத்த மேடையில் படுத்திருந்த தம்பி காதுக் கவசத்தைத் தூக்கிவிட்டு, "அண்ணை, உங்கட துவக்கின்ர சத்தம் மாறிப்போச்சு, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றான். நிறுத்தியது நல்லதாய்ப் போனது. காகிதத்தில் ஒரு ஓட்டை வட்டமாக இல்லை. நீளமாக, சன்னம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு போன அடையாளம். எதிலோ உரசித் தடுமாறிய சன்னம்தான் அப்படி விழும்.

சைலன்சரைக் கழற்றி முன்மூடியைப் பார்த்தோம். கறுப்புப் பூச்சு ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் சுரண்டப்பட்டு, உள்ளே அலுமினியம் பளபளவென்று தெரிந்தது. விரலை வைத்தால் பிசிறு குத்தியது. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் வாயுவை மறிக்கிற கடைசித் தடுப்புத் தட்டிலும் அதே பக்கத்தில் ஒரு வெட்டு.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் கேள்வியே, "நீங்கள் இறுக்கமாகப் பூட்டினீர்களா?" இதை எல்லோரும் கவனித்து வையுங்கள், ஏனென்றால் உங்களிடமும் இதைத்தான் கேட்பார்கள். வெடி வைக்க வைக்கச் சைலன்சர் தளரும் என்பது உண்மைதான்; இடையிடையே கையால் பிடித்து இறுக்கிப் பார்ப்பது வேட்டைக்காரருக்குப் பழக்கமாகவே வந்துவிடும். கழற்றும்போது அது இறுக்கமாக இருந்ததைத் தம்பியும் சுடுதளப் பொறுப்பாளரும் பார்த்தார்கள். அதைச் சொன்னதும் தோட்டாவில் பழி போட்டார்கள். கடையில் விற்கிற சாதாரண தோட்டா, கைத்தயாரிப்புக்கூட இல்லை. பிறகு அடாப்டர் வேறு கொம்பனியினது என்றார்கள், மரை வேறு பட்டறையினது என்றார்கள், சைலன்சருக்குத் தயாரிப்பாளரைக் கேளுங்கள் என்றார்கள். காசை மட்டும் ஒரே ஆள்தான் வாங்கினார்.

துவக்கை வேறொரு துவக்குத் தச்சரிடம் கொண்டுபோனேன். வயதானவர், கதை குறைவு. நேராகக் கடைந்த உருக்குக் கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, சைலன்சரைப் பூட்டி, முன்னால் இருந்து பார்க்கச் சொன்னார். ஓட்டையின் நடுவில் தெரிய வேண்டிய கம்பி ஒரு பக்கத்து ஓரத்தில் சாய்ந்து கிடந்தது.

இதற்குக் காரணம் விளங்கினால், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். மரை முடிகிற இடத்தில் குழல் தடிக்கிறது அல்லவா, அந்த விளிம்பில்தான் சைலன்சர் வந்து முட்டி நிற்கும். மரை பிடித்து வைத்திருக்கும், ஆனால் நேராக நிறுத்துவது அந்த விளிம்பு. எனது குழலில் விளிம்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடப் பத்தில் ஒரு மில்லிமீற்றர் உயர்ந்து இருந்தது. கடதாசித் தடிப்பு. கணக்குப் பாருங்கள்: குழல் முனையின் அகலம் 16 மில்லிமீற்றர். சைலன்சர் முனைக்கு முன்னால் 150 மில்லிமீற்றர் நீண்டு நிற்கிறது. 16க்கு 0.1 சாய்ந்தால் 150க்கு ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர் சாயும். .308 சன்னத்தின் விட்டம் 7.82 மில்லிமீற்றர், எனது சைலன்சரின் ஓட்டை 9 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஆக, சன்னத்துக்குச் சுற்றிவர இருக்கிற இடம் வெறும் 0.6 மில்லிமீற்றர். முட்டாமல் எப்படி இருக்கும்?

விளிம்பு ஏன் சாய்ந்தது என்றும் தச்சர் காட்டினார். குழலின் வெளிப்பக்கமும் உள்ளே இருக்கிற துளையும் எப்போதும் ஒரே மையத்தில் இருக்காது. மரை வெட்டுகிறவர் துளையை மையமாகப் பிடித்துக் கடைய வேண்டும். வெளிப்பக்கத்தைப் பிடித்துக் கடைந்தால் வேலை சுறுக்காக முடியும், மரை துளைக்கு நேராக வராது. மெல்லிய குழலில் எம்14 வெட்டினால் விளிம்பே ஒரு மில்லிமீற்றர் அளவுதான் மிஞ்சும், பிழைக்கு அங்கே இடமில்லை. அதன் மேல் அடாப்டர் வளையம் என்றால் இன்னொரு மரை, இன்னொரு விளிம்பு, இன்னொரு பிழை. அடாப்டர் எல்லாமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. நேராகப் பூட்டுகிற மொடல் ஒரு கிழமை பொறுத்தால் வரும் என்றிருக்க, வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் அடாப்டர் போட்டவரைப் பற்றி அவர் நோர்வேஜிய மொழியில் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

டெசிபெல் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேட்டைத் துவக்கின் வெடி 160 டெசிபெலுக்கு மேல் போகும். 140 தான் காதுக்கு உடனடிக் கேடு என்று பொதுவாக வைத்திருக்கிற எல்லை. நல்ல சைலன்சர் 20 முதல் 30 வரை குறைக்கும், அவ்வளவுதான். சன்னம் ஒலியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகிறது. அது காற்றைக் கிழிக்கிற சத்தத்தை எந்தச் சைலன்சரும் தொட முடியாது. பெட்டியில் போட்டிருக்கிற எண் எந்தத் துவக்கில், எவ்வளவு நீளக் குழலில், எங்கே மைக் வைத்து அளந்தது என்று கேளுங்கள். குழல் முனைக்குப் பக்கத்தில் அளந்ததும் சுடுகிறவரின் காதடியில் அளந்ததும் ஒன்றல்ல. பதில் வராவிட்டால் அந்த எண்ணை மறந்துவிடலாம். இரண்டு மூன்று டெசிபெல் வித்தியாசத்துக்காக இருநூறு கிராம் பாரத்தை முனையில் தூக்கிக்கொண்டு சதுப்பில் நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலுமினியமா, உருக்கா, டைட்டேனியமா என்று நிறையப் பேர் மண்டையை உடைப்பார்கள். வருடத்துக்குக் கொஞ்ச வெடி வைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அலுமினியம் போதும். குட்டைக் குழலும் மருந்து கூடிய தோட்டாவும் என்றால் முதல் தட்டாவது உருக்கில் இருக்கட்டும். அதைவிட முக்கியம் ஓட்டை அளவு. 6.5 மில்லிமீற்றர் துவக்குக்கு, .308 போன்றவற்றுக்கான .30 சைலன்சர் போடலாம், சத்தம் கொஞ்சம் கூட இருக்கும். .308இல் 6.5 சைலன்சரைப் போட்டு ஒருபோதும் சுடாதீர்கள். மரை ஒன்றாக இருந்தால் கைக்கு அழகாகப் பூட்டும், அதுதான் ஆபத்து. வீட்டில் இரண்டு துவக்கு வைத்திருப்பவர்கள் நிறப் பட்டி ஒட்டி வையுங்கள். வேட்டை முடிந்ததும் கழற்றிக் காயவிடுங்கள், உள்ளே வியர்க்கிற ஈரம் குழலைத் துருப்பிடிக்க வைக்கும்.

இனி முறைப்பாடு. 2002ஆம் ஆண்டு நுகர்வோர் கொள்வனவுச் சட்டப்படி, நீண்டகாலம் பாவிக்க வேண்டிய பொருளில் குறை இருந்தால் 5 வருடம் வரை விற்றவரிடமே ரெக்லமஷூன், அதாவது குறைக்கு நிவாரணம் கேட்கலாம். மற்றவற்றுக்கு 2 வருடம். குறையைக் கண்டபின் தாமதிக்காமல் அறிவியுங்கள், இரண்டு மாதத்துக்குள் என்றால் பிந்திவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. யார் தயாரித்தார், யார் கடைந்தார் என்பதெல்லாம் கடையின் தலையிடி. தொலைபேசியில் கதைத்ததைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம், மின்னஞ்சல் போடுங்கள். திருத்திக் கொடுக்கக் கடைக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்பதால், அவர்கள் எழுத்தில் மறுக்கும்வரை நான் குழலில் கை வைக்கவில்லை. மறுப்பு வந்த பிறகுதான் புதுத் தச்சர் பழைய மரையை வெட்டி எறிந்து புதிதாகக் கடைந்தார். குழல் இரண்டு சென்ரிமீற்றர் குட்டையானது. அவருடைய அளவீட்டுக் குறிப்பு, உரசிய சைலன்சர், அந்தக் காகிதம் எல்லாம் இப்போது நுகர்வோர் அதிகாரசபையான ஃபோர்ப்ரூக்கர்தில்சினெயின் மத்தியஸ்தத்தில் இருக்கிறது. கடை கடைசியாக நீட்டியது பாதிப் பெறுமதிக்கு ஒரு பரிசு அட்டை, அதுவும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

இந்த வருடம் எங்கேயாவது மரை வெட்டுவித்தவர்கள், அடுத்த வெடிக்கு முன் கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள். தோட்டா இல்லை என்பதைப் பார்த்து, ஆணியை (போல்ட்டை) கழற்றிவிட்டு, பின்பக்கத்தால் கம்பியை விட்டால் ஐந்து நிமிட வேலை. .30க்கான கம்பி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். ஒஸ்லோப் பக்கம் இருப்பவர்கள் செய்தி போட்டால் சுடுதளத்துக்குக் கொண்டுவருகிறேன். 6.5 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கம்பி சரிவராது, அவர்கள் தச்சரிடம்தான் போக வேண்டும்.