நியூயார்க்கில் ஸ்டேக்: பீட்டர் லூகரா, கோட் உணவகமா?

நியூயார்க்கில் ஒரு வேளை நல்ல ஸ்டேக்குக்காக, அதாவது கடும் நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சித் துண்டுக்காகப் பணம் செலவழிக்கத் துணிந்தவரிடம் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். அவற்றுள் இரண்டு பெயர்கள் எதிரெதிர் துருவங்களாக நிற்கின்றன. ஒன்று, புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் 1887 முதல் இருந்துவரும் பீட்டர் லூகர். மற்றொன்று, மன்ஹாட்டனின் மேற்கு 22ஆம் தெருவில் சைமன் கிம் 2017இல் தொடங்கிய கோட் என்னும் கொரிய ஸ்டேக்ஹவுஸ். பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போட்டியாக இதைப் பார்ப்பவர்களே அதிகம். என் பார்வையில் இரண்டையும் பிரிப்பது வேறொன்று: நெருப்பு யார் கையில் இருக்கிறது, இறைச்சி எந்த நொடியில் அதிலிருந்து இறங்குகிறது என்பதுதான்.

இறைச்சியைப் பொறுத்தவரை இரண்டு கடைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை தசைநார்களுக்கிடையே ஊடுருவியிருக்கும் கொழுப்பின் அளவைக் கொண்டு மாட்டிறைச்சியைத் தரம் பிரிக்கிறது. அதில் மேல்படியான பிரைம் தரமே இரு சமையலறைகளுக்கும் வருகிறது. இரண்டுமே தங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இறைச்சியைக் குளிரறையில் தொங்கவிட்டும் அடுக்கிவைத்தும் வாரக்கணக்கில் பதப்படுத்துகின்றன. அந்த நாட்களில் இறைச்சியிலுள்ள நொதிகள் இறுக்கமான தசையைத் தளர்த்துகின்றன. நீர் ஆவியாகிச் சுவை செறிகிறது. மேற்புறம் கறுத்துக் காய்ந்த தோலாகிவிடுவதால் அதைச் சீவி எறிய வேண்டியிருக்கிறது. எடையில் இப்படிக் குறைவதும் சேர்ந்துதான் விலையாக நம் பில்லில் ஏறுகிறது. கோட் இந்த அறையைச் சிவப்பு விளக்குப் போட்டுக் காட்சிப்பொருளாக்கியிருக்கிறது. லூகரில் அது வெறும் கிடங்கு.

லூகரில் பட்டியலைப் புரட்டி யோசிக்க வேண்டிய வேலை அதிகம் இல்லை. இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு என்று ஆள் கணக்கில் போர்ட்டர்ஹவுஸ் சொல்லிவிட்டால் போதும். நடுவில் எலும்பு, ஒருபுறம் அழுத்தமான சுவையுள்ள ஸ்ட்ரிப், மறுபுறம் வெண்ணெய்போல் மெத்தென்ற டெண்டர்லாயின் என்று இரண்டு வகை இறைச்சி ஒரே வெட்டில் வருவதுதான் போர்ட்டர்ஹவுஸின் சிறப்பு. மேலிருந்து கடும் வெப்பத்தைக் கொட்டும் பிராய்லருக்குள் முழுத் துண்டையும் வைத்து மேற்பரப்பைக் கருக்கி எடுத்து, எலும்பைவிட்டு வெட்டித் துண்டுகளாக்கி, மறுபடி எலும்பைச் சுற்றி அடுக்கி, உருக்கிய வெண்ணெயுடன் இன்னொரு முறை சூடேற்றி, கொதிக்கும் தட்டோடு மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். பரிமாறுபவர் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் பெரிய தட்டின் ஒரு முனையை ஏற்றிச் சாய்க்கிறார். வெண்ணெயும் இறைச்சிச் சாறும் தாழ்ந்த பக்கத்தில் குளம்போலத் தேங்க, அதைக் கரண்டியால் அள்ளித் துண்டுகளின்மேல் ஊற்றுகிறார். அந்தச் சாறுதான் லூகரின் உண்மையான சாஸ். கடையின் பெயரில் புட்டியில் விற்கும் இனிப்பும் புளிப்புமான சாஸை நான் இறைச்சிப் பக்கம் கொண்டுபோவதில்லை.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். தடித்த இறைச்சி, பெருவெப்பம், ஒரே முடிவு. சமையலறை சரியாகக் கணித்தால், கரிந்த மேல்தோலும் சிவந்த உட்புறமும் சேர்ந்து வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய் அமையும். கணிப்பு கொஞ்சம் பிசகினால் மேசையில் உள்ள நான்கு பேருக்குமே பிசகும். தட்டு சூடாகவே இருப்பதால், உரையாடலில் மூழ்கியிருக்கும் நேரத்திலும் இறைச்சி வெந்துகொண்டே போகிறது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் 2019 அக்டோபரில் இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. 2022இல், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டி தந்திருந்த நட்சத்திரமும் கைவிட்டுப் போனது. அதற்காக இதை ஒதுக்கிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தரம் கிடைக்கும் என்று நம்பிப் போகவும் கூடாது.

கோட் உணவகத்தில் நெருப்பு மேசைக்கே வந்துவிடுகிறது. மேசை நடுவே பதித்த அடுப்பின் புகையைக் கீழ்நோக்கி இழுத்துவிடும் அமைப்பு இருப்பதால், கொரிய பார்பிக்யூ கடைகளில் தலைக்குமேல் தொங்கும் குழாய்கள் இங்கு இல்லை. வீடு திரும்பும்போது சட்டையில் கொழுப்புப் புகையின் வாடையும் இல்லை. பலரும் கேட்பது புட்சர்ஸ் ஃபீஸ்ட் எனப்படும் விருந்துத் தொகுப்பு. நான்கு வகை வெட்டுகள் பச்சையாகத் தட்டில் காட்டப்படுகின்றன. பரிமாறுபவர் ஒரு கொழுப்புத் துண்டை இடுக்கியில் பிடித்து அடுப்பின்மேல் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே முதல் துண்டை வைக்கிறார். மசாலாவில் ஊறாத வெட்டுகளில் தொடங்கி, சோயாவில் ஊறிய கல்பி என்னும் விலா இறைச்சியைக் கடைசியில் சுடுவது முறை. சர்க்கரை கலந்த ஊறல் அடுப்பில் ஒட்டிக் கரியும் என்பதும், அதன் இனிப்புக்குப் பின் மற்றவை சப்பென்று தோன்றும் என்பதும் இந்த வரிசைக்குக் காரணங்கள்.

துண்டு சிறியது, பார்வைக்கு முன்னால் வேகிறது, ஆகவே திருத்த முடிகிறது. நன்றாக வெந்த கறிக்கே பழகிய நம் வீட்டுப் பெரியவர் ஒருவரும், உட்புறம் சிவந்திருக்கும் மீடியம் ரேர்தான் வேண்டும் என்னும் இளைஞர் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், கோட் இருவரையும் சமாளித்துவிடும். “இந்தத் துண்டு இன்னும் கொஞ்சம் வேகட்டும்” என்றால் பரிமாறுபவர் முகம் சுளிப்பதில்லை. லூகரிலோ முழுத் தட்டையும் வெல் டன், அதாவது உட்புறமும் முழுக்க வெந்தது, என்று சொல்வது, கொடுக்கும் பணத்தை நெருப்பில் போடுவதற்குச் சமம். அங்கே மீடியம் ரேர் கேட்டு வாங்கி, சிவப்பைக் கண்டு தயங்குபவரின் துண்டைச் சூடான தட்டின் விளிம்பில் சில நொடிகள் அழுத்தி எடுப்பதே புத்திசாலித்தனம்.

தடித்த இறைச்சி தரும் அந்தக் கரிந்த விளிம்பையும் சாறு நிறைந்த நடுவையும் கோட் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு வாயும் நன்றாக இருக்கிறது; எந்த ஒரு வாயும் மனத்தில் ஆணியடித்ததுபோல் நிற்பதில்லை. இறைச்சி என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் தேர்ந்தால், நல்ல நாளில் லூகர்தான். சாப்பாடு என்ற முழுமையை வைத்துப் பார்த்தால் கோட் வெகுதூரம் முன்னே நிற்கிறது. லூகரின் துணைப்பண்டங்கள் கனத்தின்மேல் கனம்: தடித்த பேக்கன், பொரித்த உருளைக்கிழங்கு, பாலேட்டில் மசித்த பசலைக்கீரை, போதாததற்கு இனிப்பின்மேல் மலைபோல் கடைந்த கிரீம். கோட் தொகுப்பிலோ ஊறுகாய்க் காய்கள், வெங்காயத்தாள் சாலட், சுற்றிச் சாப்பிட லெட்டூஸ் இலை, பொங்கிய முட்டை, கிம்ச்சி என்னும் காரமான புளித்த முட்டைக்கோஸில் செய்த குழம்பு, சோறு என்று ஒவ்வொன்றும் கொழுப்பை அறுத்து நாக்கைத் திரும்பத் தயாராக்குகிறது. சோறும் புளிப்பும் காரமும் இல்லாமல் கறி சாப்பிட்டுப் பழகாத நமக்கு இது தனிச் சௌகரியம். முடிவில் சோயா கலந்த கேரமல் ஊற்றிய ஐஸ்கிரீமும் விலைக்குள் அடக்கம்.

விலை விஷயத்தில் கோட் தொகுப்பு ஆளுக்கு 45 டாலரில் தொடங்கியது. பிறகு கணிசமாக ஏறிவிட்டது. ஆனாலும் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவது ஆறுதல். லூகரில் ஸ்டேக் தனி, உருளைக்கிழங்கு தனி, கீரை தனி. எந்தக் கடையானாலும் நகரின் விற்பனை வரி 8.875 விழுக்காடும், வழக்கமான டிப்ஸ் 20 விழுக்காடும் சேர்வதால், பட்டியலில் 100 டாலர் என்று படித்ததை 129 என்று மனத்தில் குறித்துக்கொள்வது நல்லது. நெடுங்காலம் கிரெடிட் கார்டு வாங்காத கடை என்பதால், லூகருக்குப் புறப்படுமுன் பணம் செலுத்தும் முறையையும் விசாரித்துக்கொள்ளவும்.

இருவருக்குள் ஒரு கொண்டாட்டம், ஸ்டேக்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றால் லூகர். நான்கைந்து பேர், பல வயது, பல பழக்கம் என்றால் யோசிக்காமல் கோட். லூகரின் பெயரை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர் இரவு விருந்துக்கே போக வேண்டியதில்லை. பிற்பகல் 3:45 வரை மட்டும் அங்கே ஒரு பர்கர் தருகிறார்கள். பதப்படுத்திய அதே இறைச்சியை அரைத்துச் செய்வது. போர்ட்டர்ஹவுஸின் விலையோடு பார்த்தால் அது ஒரு சிறு பங்குதான்.