மோனார்க்கைக் காட்டி அழைத்த ஏற்காட்டுப் பட்டாம்பூச்சி நடை

அக்டோபர் இரண்டாம் வார ஞாயிறன்று, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியினர் நடத்தும் பட்டாம்பூச்சி நடைக்கு, ஆளுக்கு 500 ரூபாய் கட்டி நானும் மகளும் சென்றிருந்தோம். அவர்களுடைய விளம்பரத் தட்டியில் இருந்ததோ, வட அமெரிக்காவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் மோனார்க். சேர்வராயன் மலையில் அது எங்கே வரும்?

வழிகாட்டியாக வந்த மலைக்கிராமத்து இளைஞர் இதை மழுப்பவில்லை. அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, எருக்கிலையில் மேய்ந்துகொண்டிருந்த வரிவரியான புழுவைக் காட்டி, மோனார்க்கின் பேரினத்தைச் சேர்ந்த வெந்தய வரியன் இதுதான் என்றும், மோனார்க் புழுவும் எருக்கின் குடும்பச் செடிகளையே தின்கிறது என்றும் விளக்கினார்.

உண்மையான விருந்து மேலே, காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் கிடைத்தது. கிலுகிலுப்பைச் செடிகளில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவற்றின் ஆண் பூச்சிகள் இலைகளைக் காலால் கீறிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. அந்தச் சாற்றிலுள்ள வேதிப்பொருளைக் கொண்டே அவை பெண்ணை ஈர்க்கும் மணத்தை உருவாக்குகின்றனவாம். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வரும் இவ்வினங்கள் நம் பக்கத்து மலைகளில் இனப்பெருக்கம் செய்ய, அவற்றின் வாரிசுகள் செப்டம்பருக்குப் பிறகு மேற்கே திரும்புகின்றன என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, எங்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக அவை கடந்து சென்றன. கால்மணி நேரத்தில் 64 வரை எண்ணிய மகள் அதன்பின் மோனார்க்கைப் பற்றிக் கேட்கவேயில்லை.

குறை என்றால் நேரம்தான். வெயில் ஏறி உடல் சூடானால் மட்டுமே பறக்கும் உயிரைப் பார்க்க, காலை ஆறரைக்கே கூட்டிச் சென்று பனிமூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். 25 பேருக்கு இரண்டே தொலைநோக்கிகள் இருந்தன. காப்பி மட்டும் கேட்டபோதெல்லாம் கிடைத்தது. வானம் தெளிந்த நாளில், ஒன்பது மணிக்குமேல் புறப்படச் சம்மதித்தால் மட்டும் பணம் கட்டுங்கள்; அந்த இளைஞர்தான் வருகிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது தட்டியிலுள்ள படத்தை மாற்றச் சொன்னேன். நீல வரியன் படத்தைப் போட்டால் யார் வருவார்கள் என்று விடுதிக்காரர் சிரித்தார்.