ஆலப்புழா போட்ஹவுஸ்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, பிள்ளைகளுக்கும் லீவு. மண்டபம், பாம்பன் பக்கம் குடும்பத்தோடு டூர் கிளம்புவது அப்போதுதான் என்று ஏஜென்ட்டுகளுக்கு நன்றாகத் தெரியும். ராமநாதபுரத்து ஏஜென்ட் ஒருவர் எங்களுக்குக் காட்டிய படத்தில் மாடி வைத்த புத்தம்புது கெட்டுவள்ளம், அதாவது போட்ஹவுஸாக ஓடும் கேரளத்து மரப்படகு. முழுநேர ஏசி, வேம்பநாட்டுக் காயலை ராத்திரியிலும் சுற்றலாம் என்றார். பாதிக்கு மேல் பணத்தை முன்பே வாங்கிக்கொண்டார்.

ஆலப்புழாவில் படகு ஏறும் புன்னமடைத் துறையில் அந்தப் படகு இல்லை. "அது ரிப்பேர்ண்ணே, இதுவும் அதே மாதிரிதான்" என்றார் போனில். நின்றதோ கூரைப்பாய் கிழிந்த பழைய வள்ளம். பழசு என்பது குறையில்லை. ஆஞ்சிலிப் பலகையை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டுகிற வள்ளம், பராமரித்தால் பல வருடம் ஓடும். இதை யாரும் பராமரிக்கவில்லை. படுக்கையறை முழுக்க டீசல் வாடை. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று மச்சான் கேட்டால், பெட்டிச் சாவி முதலாளியிடம் இருக்கிறதாம். கடலில் பிழைக்கிறவனிடம் சொல்கிற பதிலா இது? 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அது மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியதுதான். சண்டை போட்ட பிறகுதான் ஜாக்கெட் வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது இரண்டரைக்கு நகர்ந்து, ஐந்தரைக்கே கரையில் கட்டிவிட்டார்கள். சீக்கிரம் கட்டியதில் படகுக்காரர்கள் மேல் தப்பில்லை. ராத்திரியில் அங்கே மீனவர்கள் வலை விரிப்பார்கள், போட்ஹவுஸ் ஓடக்கூடாது. ராத்திரியும் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிக்கொள்ளுங்கள். ஏசியை ஒன்பது மணிக்குப் போட்டு காலை ஆறுக்கு நிறுத்தினார்கள். குறைந்த வாடகைப் படகுகளில் அதுதான் வழக்கமாம். நாங்கள் கட்டியது முழுநேர ஏசிக்கு. வழியில் ஒரு கடையில் நிறுத்திக் கரிமீன் வாங்கச் சொன்னார்கள். கண் குழிந்த மீன். நம் ஊரில் கருவாட்டுக்குக்கூடச் சேர்க்க மாட்டோம்.

சமையல்காரத் தம்பி நல்ல பையன். நாங்கள் கொடுத்ததில் பாதிகூடப் படகு முதலாளிக்குப் போகவில்லை என்பது அவன் சொல்லித்தான் தெரிந்தது. ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை.

போகிறவர்கள் படகின் பெயர், பதிவு எண், எத்தனை மணி நேரம் ஓடும், ஏசி எப்போது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். எண்ணைக் கேட்டு மழுப்பினால் அட்வான்ஸ் வேண்டாம். மீதிப் பணம் படகைக் கண்ணால் பார்த்த பிறகு. சரி, காயலைப் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகே ஓடுகிறது. சாதாரண டிக்கெட்தான், நடுவில் ஏஜென்ட் கிடையாது.