அக்கிக்கு இரண்டு தடுப்பூசிகள்: எது மேல்?

பெரியம்மாவுக்கு 71 வயதில் அக்கி வந்தது. வலது விலாவில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள். குயவர் வீட்டுக்குப் போய் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்தது. அது தானாகவே காயக்கூடியதுதான். நரம்பு வலிதான் ஏழு மாதம் விடவில்லை. முந்தானை உரசினாலே துடித்துப்போவார்.

சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். அதை அடக்கி வைப்பவை டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். அவை தேறி வரும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. வயது ஏற ஏற அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். புது டி செல் வரத்து குறையும், பழையவையும் தளரும். கிருமி விழித்துக்கொள்ளும். அதுதான் அக்கி.

2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸோஸ்டாவாக்ஸ் ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. குழந்தைகளுக்கான சின்னம்மை ஊசியில் இருப்பதைவிடக் குறைந்தது 14 மடங்கு. ஒரே ஊசிதான். ஆனால் 60 தாண்டியவர்களிடம் 51 சதவீதமே பலன் தந்தது. 70க்கு மேல் 38தான். தளர்ந்த உடம்புக்கு அளவை மட்டும் கூட்டினால் போதவில்லை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதைப் போடவும் கூடாது.

2017இல் வந்த ஷிங்ரிக்ஸில் உயிருள்ள கிருமியே கிடையாது. கிருமியின் ஒரு புரதம், கூடவே ஓர் ஊக்கி. என்னை வியக்க வைத்தது அந்த ஊக்கிதான். நஞ்சு நீக்கிய பாக்டீரியாக் கொழுப்பும், சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையில் எடுக்கும் சப்போனினும் அதில் சேர்கின்றன. நம் சீயக்காயை நுரைக்க வைக்கும் அதே வகைப் பொருள். தூங்கி வழியும் எதிர்ப்பு செல்களை இந்த இரண்டும் உலுக்கி எழுப்புகின்றன. 50க்கு மேல் 97 சதவீதம், 70க்கு மேலும் கிட்டத்தட்ட 90 சதவீதம் பலன். இரண்டு ஊசியையும் நேருக்கு நேர் வைத்து எடுத்த கணக்கல்ல, தனித்தனி ஆய்வுகள்தான். ஆனாலும் இடைவெளி பெரிது. 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து பழையது போயே போய்விட்டது.

ஷிங்ரிக்ஸிலும் குறை உண்டு. இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். விலையும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனம்தான். அப்புறம், ஓரிரு நாள் கை வலி, காய்ச்சல்.

சரி, நடைப்பயிற்சி போதாதா? 55 முதல் 79 வயது வரையான, பல்லாண்டு சைக்கிள் ஓட்டியவர்களைப் பிரிட்டனில் ஆராய்ந்தபோது, புது டி செல் வரத்து இளைஞர்கள் அளவுக்கே இருந்தது. நல்ல செய்தி. ஆனால் அக்கியைத் தடுக்குமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. நடைப்பயிற்சியையோ சத்து டானிக்கையோ நம்பி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒருமுறை வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் பெரியம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை. தலை பின்னிவிட்டது நான்தான்.